எட்டடி மேசை

வீட்டு அலங்காரம் பற்றிய இதழ்களிலும் காணொளிகளிலும் சில ஆண்டுகளாக ஓர் அறிவுரை திரும்பத் திரும்ப வருகிறது. தனியான, சம்பிரதாயமான சாப்பாட்டு அறையைக் கலைத்துவிடுங்கள்; கனத்த மேசையை விற்றுவிடுங்கள்; ஒரே அச்சில் வார்த்த எட்டு நாற்காலிகளுக்குப் பதிலாக ஒன்றோடொன்று சேராத நாலைந்து நாற்காலிகளும் ஒரு பெஞ்சும் போடுங்கள்; இயன்றால் தரையில் மெத்தை விரியுங்கள்; சுவரை இடித்துச் சமையலறையைத் திறந்துவிடுங்கள். இதற்குக் 'கேஷுவல்' என்று பெயர். தமிழில் 'இயல்பான' என்று சொல்லலாம். ஆனால் எது இயல்பு, யாருக்கு இயல்பு என்று கேட்கத் தொடங்கினால் அந்தச் சொல் அவ்வளவு எளிதாகக் கைக்கு அடங்குவதில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் பெங்களூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையை மாற்றியமைத்தோம். மூன்று வாரம் பிடித்தது. செலவைவிடப் பேச்சே அதிகம். காலனியக் காலத்து வீட்டுப் பணியாளர்களைப் பற்றித் தில்லியில் ஆய்வு செய்பவள் நான். ஆகவே வேலை தொடங்கும் முன்பே தங்கை ஒரு நிபந்தனை விதித்துவிட்டாள்: ஆய்விலிருந்து எதையும் எடுத்து வந்து வீட்டில் விரிவுரை நிகழ்த்தக் கூடாது. அங்கே நிகழ்த்தாததை இங்கே நிகழ்த்துகிறேன். நீண்ட பதிவு, பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

முதலில் அறை. எங்கள் வீடு பங்களா அன்று. கண்டோன்மென்ட் பகுதியில், பெரிய பங்களாக்களின் பின்புறச் சந்துகளில் இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று. மூன்று அறை, ஒரு கூடம், பின்கட்டில் சமையலறை. அந்த மூன்று அறைகளுள் ஒன்றைத் தாத்தா சாப்பாட்டு அறையாக வைத்தார். நீளம் 14 அடி, அகலம் 12 அடி. அதற்குள் 8 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட ஈட்டி மர மேசை ஒன்று, எட்டு நாற்காலிகள், சுவரோரம் இரண்டடி ஆழமுள்ள சைட்போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட பீங்கான் அலமாரி, சன்னலுக்கு மெரூன் நிறத்தில் கனத்த திரை. சைட்போர்டு பக்கம் உட்கார்ந்தவர் எழ வேண்டுமானால் அந்த வரிசையே எழ வேண்டும். வீட்டில் ஏழு பேர் இரண்டு அறைகளில் படுத்துறங்கிய காலத்திலும், ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் மட்டுமே பயன்பட்ட இந்த மூன்றாம் அறையில் யாரும் பாய் விரித்ததில்லை. கணக்குப் பார்த்தால் மடமை. இதைக் கணக்காகப் பார்க்கக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

தனிச் சாப்பாட்டு அறை என்பது ஐரோப்பாவிலேயே பழைய ஏற்பாடு அன்று. பெரிய மாளிகைகளில்கூட மடக்கு மேசையை வேண்டிய அறையில் விரித்து உண்டுவிட்டு மடக்கி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் உண்பதற்கென்றே ஓர் அறையும், அதில் நிலையாக நிற்கும் ஒரு மேசையும் செல்வந்தர் வீடுகளில் உறுதிப்பட்டன. விருந்தினர் தொகைக்கேற்ப நீளும் மேசைக்கு லங்காஸ்டரைச் சேர்ந்த ரிச்சர்ட் கில்லோ 1800இல் காப்புரிமை பெற்றார். நடுவில் பிளந்து இழுத்து, இடையில் பலகை செருகி நீட்டும் மேசைகள் அந்த வழியில் வந்தவை. கைப்பிடியால் திருகைச் சுழற்றி மேசையைத் திறக்கும் ஏற்பாடு விக்டோரியா காலத்தில் பரவியது. எங்கள் வீட்டு மேசை அந்த வகை.

மேசையைவிட முக்கியமானது பரிமாறும் முறை. அதற்கு முன்பு எல்லாப் பண்டங்களையும் ஒருசேர மேசையில் பரப்பி, உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்து உண்டார்கள். அதைப் பிரெஞ்சு முறை என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் இங்கிலாந்தில் ரஷ்ய முறை நிலைபெற்றது. பண்டம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பணியாள் ஒவ்வொருவரின் பக்கமாக வந்து நீட்டுவார். உண்பவர் கை நீட்டி எடுக்க வேண்டிய தேவையே இல்லை. மேசையின் நடுவில் பூவும் விளக்கும் வைக்க இடம் கிடைத்தது இப்படித்தான். உணவு அங்கிருந்து அகன்றுவிட்டதல்லவா! நாம் இன்று சம்பிரதாயமான சாப்பாட்டு அறை என்று மனத்தில் கொள்ளும் காட்சி முழுவதும் இந்த இரண்டாம் முறையின் விளைவு. அது ஓர் இயந்திரம். அதன் எரிபொருள் நின்றுகொண்டிருக்கும் மனிதர்கள்.

இந்தியாவுக்கு வந்தபோது அந்த இயந்திரத்துக்கு எரிபொருள் தாராளமாகக் கிடைத்தது. பங்களாவின் சமையலறை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியிருப்பதில்லை. தீக்கும் புகைக்கும் வாடைக்கும் அஞ்சித் தோட்டத்தின் கோடியில் கட்டினார்கள். அங்கிருந்து வெயிலிலும் மழையிலும் மூடிய தட்டுகளோடு நடந்து வருவது யாருடைய கால்கள் என்பதைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 1878இல் சென்னையில் வெளியிட்ட 'கல்லினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' நூலில் இந்தச் சமையலறைகளைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. சமையற்காரர் அனைவருக்கும் அவர் வைத்த ஒரே பெயர் ராமசாமி. ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் எழுதிய இல்லப் பராமரிப்புக் கையேடு, வேலையாட்களை எப்படி ஆள்வது என்று துரைசானிகளுக்குக் கற்பித்தது. இந்நூல்களை வரி வரியாகப் படித்துக் குறிப்பெடுப்பது என் தொழில். அவற்றில் ராமசாமி பேசுவதைக் காணலாம். கொச்சை ஆங்கிலத்தில், நகைச்சுவைக்காக. அவர் உட்கார்ந்திருப்பதைக் காண முடியாது.

அந்த மேசையில் தமிழ் ஏறியது வேறு வழியாக. மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி'யாகிச் சூப்புக் கிண்ணத்தில் இடம்பெற்றது. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியும் அதன் தமிழ்மூலத்தைச் சொல்கிறது. சமைத்தவரின் சொல்லுக்குக் கிடைத்த இருக்கை சமைத்தவருக்குக் கிடைக்கவில்லை.

பெங்களூருக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்குண்டு. 1809இல் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அல்சூர்ப் பக்கம் குடிபெயர்ந்தபோது, படையின் பின்னாலேயே வட ஆற்காட்டிலிருந்தும் சென்னையிலிருந்தும் தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், வண்ணார், குதிரைக்காரர், சமையற்காரர், பட்லர். கண்டோன்மென்ட்டில் இன்றும் தெருவில் தமிழ் ஒலிப்பதற்கு அதுவே காரணம். சென்னை மாகாணத்திலும் இங்கும் துரைமார் வீட்டுச் சமையலுக்கும் மேசைப் பணிக்கும் பெரும்பாலும் பறையர் சமூகத்தவரும் முஸ்லிம்களும் அமர்த்தப்பட்டனர். மாட்டிறைச்சியையும் மதுக்குப்பியையும் தொடச் சாதி இந்துக்கள் தயங்கியது ஒரு காரணம். எங்கள் கொள்ளுத்தாத்தா அப்படி வந்தவர்களின் மகன். ஒரு பங்களாவில் மேசை பட்லர். வெள்ளை அங்கி, இடுப்பில் பட்டை, தலையில் தலைப்பாகை, வெறுங்கால். பணி நேரத்தில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். பணி முடிந்தபின் சமையலறைப் படியில் உண்பார்.

அவரைப் பற்றிச் சொல்ல எங்கள் வீட்டில் முன்பெல்லாம் ஒருவகைக் கூச்சம் இருந்தது. அது போவதற்கு எனக்கு உதவியவர் அயோத்திதாசப் பண்டிதர். தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர் என்றும், திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் கையில் சேர்ப்பித்தவர் அவரே என்றும் பண்டிதர் வெளிப்படையாக எழுதினார். ஒரு பட்லர் வீட்டில் சுவடி இருந்தது. அதன் மதிப்பை அவர் அறிந்திருந்தார். ராமசாமி என்ற ஒற்றைப் பெயருக்குள் இப்படிப்பட்ட மனிதர்கள் எத்தனை பேர் அடைக்கப்பட்டார்களோ.

தாத்தா பட்லர் வேலைக்குப் போகவில்லை. பள்ளிப் படிப்பு முடித்து ராணுவக் கிடங்கு ஒன்றில் எழுத்தரானார். 1947இல் கண்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட நாட்களில், ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. அப்படி ஓர் ஏலத்தில் தாத்தா இந்த மேசையை எடுத்தார். விலை நாற்பது ரூபாய் என்பார் அப்பா. எழுபது என்பார் அத்தை. கொள்ளுத்தாத்தா பணிசெய்த அதே மேசையா என்று இந்தக் கதையைக் கேட்கும் நண்பர்கள் அனைவரும் தவறாமல் கேட்கிறார்கள். இல்லை. அதெல்லாம் திரைப்படத்தில் நடக்கும். இது வேறு யாரோ ஒரு துரையின் மேசை. ஆனால் அது வீட்டுக்கு வந்த அன்று கொள்ளுத்தாத்தாவைத் தலைமாட்டுக் கைநாற்காலியில் உட்கார வைத்துத் தாத்தா பரிமாறினார் என்பது வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரியாகச் சொல்லும் செய்தி. கிழவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாராம். உட்கார்ந்து சாப்பிட்டால் இறங்கவில்லை என்றாராம்.

தமிழர் வீடுகளில் தரையில் அமர்ந்து உண்பது அழகிய மரபு என்று இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். செரிமானத்துக்கு நல்லது என்றும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் தரை எல்லோருக்கும் ஒரே தரையாக இருந்ததில்லை. யார் முதற்பந்தி, யார் கடைப்பந்தி, யாருக்குக் கூடம், யாருக்குத் திண்ணை, யாருக்கு முற்றத்தைத் தாண்டிய மண் என்ற வரிசை அந்த மரபின் பகுதி. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி வைத்த விவகாரம் 1920களின் நடுவில் தமிழக அரசியலையே புரட்டிப்போட்டது. உணவகப் பலகையில் இருந்த ஒரு சொல்லை எதிர்த்துத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் 1957இல் பெரியார் போராட்டம் நடத்தினார். உணவகங்களிலும் விடுதிகளிலும் நுழைவதற்குச் சாதி தடையாகக் கூடாது என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அம்பேத்கரோ 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில், சேர்ந்து உண்பது மட்டும் சாதியைக் கொன்றுவிடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அது சரி என்றே நானும் கருதுகிறேன். ஆனாலும் சேர்ந்து உட்கார மறுக்கப்பட்டவனுக்கு ஒரு நாற்காலி என்னவாகத் தோன்றும் என்பது வேறு கேள்வி.

அப்பாவின் நினைவில் ஒரு பட்டியல் இருக்கிறது. எங்கள் வீட்டு மேசையில் யார் எந்த ஆண்டு முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்டார், யார் தண்ணீர் மட்டும் குடித்தார், யார் 'இப்பதான் சாப்பிட்டுட்டு வந்தேன்' என்று வாசலிலேயே நின்றார் என்ற பட்டியல். தாத்தாவின் அலுவலக நண்பர் ஒருவர் பதினொரு ஆண்டுகள் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டாம் ஆண்டு ஒரு மழை நாளில் உட்கார்ந்தார். சோறும் கறிக்குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்று என்ன குழம்பு, எந்த நாற்காலி என்பது வரை அப்பாவுக்குத் தெரியும். ஆவணக் காப்பகங்களில் நாட்களைக் கழிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் துல்லியமான ஆவணத்தை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

ஆகவே அந்த அறை வீண் பகட்டு அன்று. மெரூன் திரையும் பீங்கான் தட்டுகளும், வருகிறவருக்குத் தாத்தா சொல்ல விரும்பிய ஒரு வாக்கியத்தின் சொற்கள். இங்கே உட்காரலாம், உட்கார மறுத்தால் அது என் வீட்டின் குறையன்று.

இதுவரை சொன்னது ஆண்களின் கதை.

நான் முன்பு சொன்ன இயந்திரத்துக்கு எரிபொருள் வேண்டுமே. எங்கள் வீட்டில் பட்லர் கிடையாது. பாட்டி இருந்தார், பின்னர் அம்மா வந்தார். பின்கட்டுச் சமையலறையிலிருந்து ஒவ்வொரு பண்டமாகக் கொண்டுவந்து, ஒவ்வொருவரின் பக்கமாக நின்று, கேட்டுக் கேட்டுப் பரிமாறி, வெற்றுப் பாத்திரத்தோடு திரும்பி, மீண்டும் வந்தார்கள். தாத்தா கூச்சலிட்டவர் அல்லர், மிகவும் மென்மையானவர். இருந்தாலும் அவர் வீட்டில் ரஷ்ய முறைதான். எல்லோரும் எழுந்தபின் அம்மாவும் பாட்டியும் சமையலறைத் தரையில், அடுப்புக்கு எதிரே, சுவரில் சாய்ந்து உண்டார்கள். பத்து வயது வரை நானும் மேசையில் உட்கார்ந்தேன். அதன்பின் குழம்புக் கிண்ணத்தைச் சிந்தாமல் ஏந்திவரக் கற்றுக்கொண்டேன். கொள்ளுத்தாத்தா நின்ற இடத்தில் அந்த வீட்டின் பெண்கள் நின்றோம். இதைத் தாத்தா ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தாரா என்பதற்கு எந்தச் சான்றும் என்னிடம் இல்லை.

இப்போது தங்கையின் திட்டத்துக்கு வருகிறேன். அவள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாள், வீட்டிலேயே இருப்பவள், அறையை மாற்றும் உரிமை அவளுக்கே அதிகம். மேசைக்கால்களை ஒன்றேகால் அடியாக அறுத்துத் தாழ்ந்த மேசையாக்கி, சுற்றிலும் மெத்தை போடலாம் என்றாள். ஒரு வரைபடமும் காட்டினாள். பார்க்க நன்றாகவே இருந்தது. அப்பா படத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அன்று முழுவதும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை காபி குடிக்கும்போது, யாரையும் பார்க்காமல், "தரையில உக்காரதுக்கு எங்கப்பா எதுக்கும்மா மேசை வாங்கணும்?" என்றார்.

தங்கைக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அந்தக் கதைகள் தெரியாதவை அல்ல. ஆனால் அவளுடைய அலுவலகத்தில் தலைமை அதிகாரியே தரையில் மெத்தை போட்டு உட்காருகிறார். அவளுக்குத் தரை வேறொன்றைக் குறிக்கிறது. இருவர் சொல்வதும் உண்மை. தன் இருக்கையைப் பற்றிக் கவலையற்றவரே இருக்கையை விட்டு விளையாட்டாக இறங்க முடியும். கதர் கட்டுவது சிலருக்குத் துறவு. அம்பேத்கர் கோட்டும் சூட்டும் அணிந்ததை அதே அளவுகோலால் அளக்கக் கூடாது என்று நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். மேசைக்கும் அதே நியாயம் பொருந்தும். இதழ்கள் சொல்லும் 'கேஷுவல்' பற்றியும் ஒரு வார்த்தை. திறந்த சமையலறையும் பெஞ்சும் போட்ட இந்நகரத்து அடுக்ககங்கள் பலவற்றில் வேலைக்கு வரும் பெண்களுக்குத் தனி லிஃப்ட்டும் தனிக் கழிப்பறையும் உண்டு. மேசையில் தளர்ந்த சம்பிரதாயம் மாடிப்படியில் இறுகிக்கொண்டது.

இரண்டு நாள் இப்படியே போனது. அதுவரை யாரும் கேட்காத ஆளைத் தங்கைதான் கேட்டாள். "உனக்கு எப்படிம்மா வேணும்?" அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "எனக்குத் தரையானா என்ன, மேசையானா என்ன. எல்லாரும் சாப்பிடறப்ப நானும் உக்காந்தா சரி" என்றார். பிறகு, "தரைன்னா என் முட்டிக்கு எழுந்திருக்க முடியாது. அதையும் பார்த்துக்குங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை எளிதாகிவிட்டது. கேள்வி மாறிவிட்டதல்லவா. உட்கார்ந்த ஒருவர் எழாமலேயே எல்லாப் பாத்திரமும் கைக்கு எட்ட வேண்டும். அதாவது பிரெஞ்சு முறை. தங்கையின் நிபந்தனை நினைவிருந்ததால் இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. 4 அடி அகல மேசையில் நடுப்பகுதி யாருக்கும் எளிதில் எட்டாது. நீளம் 8 அடி என்றால் கோடியில் இருப்பவருக்கு ரசம் போய்ச் சேர நாலு கை மாற வேண்டும். ஆகவே மேசையைச் சுருக்குவது என்று முடிவாயிற்று. அறுக்க வேண்டாம்; அதற்குள்ளேயே அதற்கான வழி இருக்கிறது. ஒன்றரை அடியில் இரண்டு செருகு பலகைகள். எடுத்துவிட்டால் மேசை 5 அடி. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவற்றை யாரும் எடுத்ததில்லை.

திருகு துருப்பிடித்து இறுகியிருந்தது. கைப்பிடி காணவில்லை. சிவாஜிநகரிலிருந்து வந்த தச்சர் மேசையைக் கவிழ்க்கச் சொன்னார். நால்வர் சேர்ந்து கவிழ்த்தோம். அடிப்பக்கம் பாலிஷ் போடாத பச்சை மரம். அதில் வெள்ளை வண்ணத்தில் 112 என்று எழுதியிருந்தது. ஏல எண்ணாக இருக்க வேண்டும். சுத்தம் செய்ய உப்புத்தாளை எடுத்தவரின் கையை அப்பா பிடித்துக்கொண்டார். "அது இருக்கட்டும்." மூன்று நாள் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, லேத் பட்டறையில் புதுக் கைப்பிடி அடித்து வாங்கிவந்து சுழற்றினால், மேசை ஒரு முனகலுடன் திறந்தது. செருகு பலகைகளின் விளிம்புகளில் ஒளிபடாத இடம் கருஞ்சிவப்பாக, நேற்று அறுத்ததுபோல இருந்தது. ஈட்டியின் உண்மையான நிறம் அதுதானாம். மேலே நாங்கள் இத்தனை காலம் பார்த்தது வெளுத்த நிறம்.

மேற்பரப்பு பாலிஷ் அடுத்த சிக்கல். பழைய மேசைகளுக்குப் போடுவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் நூறு முறை தேய்த்து ஏற்றும் பாலிஷ். கண்ணாடிபோல மின்னும், ஆனால் சூடான பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும், ஈரம் பட்டால் வெளிறும். எங்கள் மேசையில் இருந்த விதிகள் அனைத்தும் இந்த ஒரு பூச்சிலிருந்து பிறந்தவை: விரிப்பு, விரிப்பின்மேல் பாய், பாத்திரத்தை மேசையில் வைக்காமல் கையில் ஏந்திப் பரிமாறுவது. பாத்திரத்தைக் கீழே வைக்க முடியாத மேசைக்கு ஏந்திநிற்க ஓர் ஆள் வேண்டியிருப்பதில் வியப்பென்ன. மேற்பலகையில் மட்டும் அரக்கைச் சுரண்டி எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்தோம். கால்களும் விளிம்பும் பழைய மினுக்கத்துடனே இருக்கின்றன. எண்ணெய்ப் பூச்சில் கறை விழும். விழுந்தால் லேசாகத் தேய்த்து மறுபடி எண்ணெய் தடவலாம். அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. மினுக்கம் போன மேசையைப் பார்த்து, "பெஞ்சு மாதிரி ஆயிடுச்சு" என்றார். இப்போதும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

நாற்காலிகளில் ஆறு கை இல்லாதவை, இரண்டு கை வைத்தவை. கை வைத்தவை இரண்டும் மேசையின் இரு கோடிகளுக்குரியவை. ஒன்று தாத்தாவுடையது, பிறகு அப்பாவுடையது. மற்றொன்று முதன்மை விருந்தினருக்கு. பிரம்பு பின்னல் தொய்ந்த நாலு நாற்காலிகளுக்குப் புதுப்பின்னல் போட்டோம். இரண்டு நாற்காலிகள் கூடத்துக்குப் போயின. சன்னல் பக்கம் தங்கையின் ஆசைக்கு ஒரு பெஞ்சு. கைநாற்காலியை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. ஒருநாள் சாப்பிட உட்காரும்போது பார்த்தால், அப்பாவின் நாற்காலி கோடியிலிருந்து நகர்ந்து, சமையலறைக் கதவை ஒட்டிய பக்கவாட்டில் கிடந்தது. "கைப்பிடி இருந்தாத்தான் அவளால எழுந்திருக்க முடியும்" என்று தச்சரிடம் சொல்வதுபோலச் சொன்னார் அப்பா. தச்சர் அன்று வரவேயில்லை.

சைட்போர்டு கூடத்துக்குப் போய் என் புத்தகங்களைத் தாங்குகிறது. மெரூன் திரைக்குப் பதில் மெல்லிய பருத்தித் துணி. அறைக்குள் பகலில் வெளிச்சம் வருவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். பீங்கான் தட்டுகள் அன்றாடப் புழக்கத்துக்கு இறங்கிவிட்டன. இதுவரை இரண்டு உடைந்தன. சமையலறைச் சுவரை இடிக்கும் யோசனையை அம்மாவே நிராகரித்தார். கருவாடு வறுக்கும் வீட்டில் திறந்த சமையலறை என்பது அலங்கார இதழ்க்காரர்களுக்குத் தெரியாத துன்பம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சன்னல் மட்டும் சுவரில் வைத்துக் கதவு போட்டிருக்கிறோம். பாத்திரம் அதன்வழியே வரும், வறுக்கும்போது மூடிவிடலாம்.

பாத்திரம் தேய்க்க வரும் அக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு என் ஆய்வுக்கே துரோகம். எங்கள் வீட்டில் அவருக்குத் தனித் தம்ளர் கிடையாது. ஆனால் தேநீரைப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்துதான் குடிப்பார். அறை தயாரானதும் அம்மா அவரை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார். ஒருநாள் உட்கார்ந்தார். மறுநாள் தம்ளருடன் படிக்கே போய்விட்டார். "அங்கதாம்மா டவர் கிடைக்குது, பையன்கிட்ட பேசணும்" என்றார். உண்மையாகவே அங்கேதான் கிடைக்கிறது. நானும் சோதித்துப் பார்த்தேன். அது மட்டுமே காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இப்போதும் நாள்தோறும் அழைக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அவர் வருகிறார். எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று அப்பா குறித்துவைத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

செருகு பலகைகள் இரண்டும் பழைய வேட்டியில் சுற்றி அப்பாவின் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை எடுத்துக் கறையான் பார்க்கிறாராம். அடுத்த மாதம் அத்தை வீட்டார் எட்டுப் பேர் வருகிறார்கள். பலகைகளைப் போட வேண்டும். திருகின் கைப்பிடியை எங்கே வைத்தாய் என்று நேற்று அம்மா தொலைபேசியில் கேட்டார். சைட்போர்டின் இடப்பக்க இழுப்பறையில், வைவர்ன் புத்தகத்தின் நகலுக்குக் கீழே.